சிலுவை நண்டைத் தேடிக் கொச்சிக்கடைக்கு

கொழும்பில் நண்டு சாப்பிட வேண்டும் என்று யாரிடம் சொன்னாலும் கோட்டைப் பக்கம்தான் கை நீட்டுவார்கள். அங்கே பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில், சமையற்கலைஞர் தர்ஷன் முனிதாச கிரிக்கெட் வீரர்கள் மஹேல ஜயவர்தன, குமார் சங்கக்கார இருவரோடும் சேர்ந்து 2011இல் தொடங்கிய 'மினிஸ்ட்ரி ஒஃப் க்ராப்' உணவகம் இருக்கிறது. களப்புச் சேற்றில் வளரும் பெரிய நண்டுதான் அங்கே ராஜா. இரண்டு கிலோவுக்கு மேல் நிறுக்கும் நண்டுக்கு 'க்ராப்ஸில்லா' என்று தனிப்பெயரே உண்டு. அந்த நண்டின் சுவை பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து நான் ரயிலேறியது வேறு நண்டுகளுக்காக. உணவக அட்டையில் இடம் கிடைக்காத, விமானம் ஏறாத, ஆனால் கொழும்பின் வடக்கே சின்னச் சின்ன வீடுகளின் சட்டிகளில் தலைமுறை தலைமுறையாக வேகும் கடல் நண்டுகள். அவற்றைப் பார்க்கவும் சமைக்கக் கற்றுக்கொள்ளவும் கொச்சிக்கடையைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

நீர்கொழும்புக்கு வடக்கேயும் ஒரு கொச்சிக்கடை உண்டு. நான் போனது கொழும்பு 13இல், கொட்டாஞ்சேனையை ஒட்டி இருக்கும் கொச்சிக்கடைக்கு. கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, புறக்கோட்டையின் மொத்தக் கடைகளுக்குள் சுமை தூக்கும் நாட்டாமைகளின் கைவண்டிகளுக்கு வழிவிட்டு நடந்து, செட்டியார் தெருவின் நகைக்கடைகளையும் கதிரேசன் கோயில்களையும் தாண்டி, ஜிந்துப்பிட்டிப் பக்கமாகப் போனால் வந்துவிடும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும் புனித அந்தோனியார் திருத்தலமும் இந்தச் சிறு வட்டாரத்துக்குள்ளேதான் நிற்கின்றன.

செவ்வாய்க்கிழமை பார்த்துப் போனேன். செவ்வாய் அந்தோனியாருக்கு உரிய நாள். கத்தோலிக்கரோடு சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் மெழுகுதிரியோடு வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்க சமயத்துக்குத் தடை இருந்தபோது அந்தோனியோ என்ற குருவானவர் மறைந்து வாழ்ந்து இங்கே பணி செய்தார் என்றும், கடலரிப்பால் தவித்த மீனவர்கள் அவரிடம் ஓடிவர, அவர் கரையில் சிலுவையை நட்டுச் செபித்தார், கடல் பின்வாங்கியது என்றும் தலத்தின் மரபு சொல்கிறது. இப்போதுள்ள ஆலயம் 1834ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலையில் இந்த ஆலயத்துக்குள்ளேதான் குண்டு வெடித்தது. திருப்பலிக்கு வந்த ஏராளமான மக்கள் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம், அந்தோனியாரின் திருநாளுக்கு முந்திய நாள், ஆலயம் மறுபடி திறக்கப்பட்டது. இறந்தவர்களின் பெயர்களுக்கு முன் சிறிது நேரம் நிற்காமல் இந்த ஊரைக் கடக்கக் கூடாது. நானும் நின்றேன்.

மீனவர்கள் கண்ணீரோடு ஓடிவந்த அந்தக் கடல் இப்போது ஆலய வாசலிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. வேல்ஸ் இளவரசர் 1875 டிசம்பரில் அடிக்கல் நாட்டிய தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் 1885இல் முடிந்தது. அதற்குப் பிறகு கொழும்புத் துறைமுகம் வளர்ந்துகொண்டே போனது. கரைவலை இழுத்த மணலும் வள்ளம் ஏற்றிய இடமும் துறைமுக மதிலுக்குள் போய்விட்டன. இப்போது தெரிவது பாரந்தூக்கிகளும் கொள்கலன் அடுக்குகளும்தான். புறக்கோட்டையின் புகழ்பெற்ற சென் ஜோன்ஸ் மீன் சந்தையும் பேலியகொடைக்கு இடம்மாறிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் இங்குள்ளவர்களின் நாக்கு கடலை விட்டு நகரவில்லை. கடற்கரை போன பிறகும் கடற்கரைச் சமையல் நிலைத்த ஊர் இது.

கொட்டாஞ்சேனைச் சந்தைப் பக்கம் ஒரு மீன் தட்டில்தான் நான் தேடி வந்தவை கிடந்தன. ஒரு பக்கம் கயிற்றால் கட்டிய இரண்டு களப்பு நண்டுகள், உயிரோடு, வாயில் நுரை தள்ளிக்கொண்டு. மறுபக்கம் ஐஸ் மேல் பரப்பிய சின்ன நண்டுகளின் குவியல். வியாபாரி இரண்டே பெயர்தான் சொன்னார்: களப்பு நண்டு, கடல் நண்டு. அவருடைய விலைக்கும் தராசுக்கும் அந்த இரண்டு பெயர் போதும். ஆனால் 'கடல் நண்டு' என்ற அந்த ஒரே குவியலுக்குள் குறைந்தது மூன்று இனங்கள் கலந்திருந்தன.

முதலாவது, ஓட்டின் பின்பக்கம் மூன்று செம்புள்ளிகள் கொண்டது. பச்சை கலந்த பழுப்பு ஓடு. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வெளிறிய வளையம். தமிழ்நாட்டுக் கரையில் இதை முக்கண் நண்டு என்பார்கள். அறிவியலில் போர்ட்டூனஸ் சங்குயினோலென்டஸ். ஓடு மெல்லியது, சதை மிருதுவானது, இனிப்பு அதிகம். மணற்பாங்கான அடித்தளம் உள்ள ஆழம் குறைந்த கடலில் வாழும். அடுத்தது, ஓட்டில் செம்பழுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக ஓடி, நடுவில் தெளிவான சிலுவை ஒன்றைத் தாங்கியது. அதுதான் சிலுவை நண்டு, கரிப்டிஸ் ஃபெரியேட்டா. 1758ஆம் ஆண்டிலேயே லின்னேயஸ் பட்டியலிட்ட இனம். ஓடு கனமானது, கொடுக்குச் சதை இறுக்கமானது. மூன்றாவது, யாழ்ப்பாணத்தில் நான் பிறந்ததிலிருந்து தின்ற நீலக்கால் நண்டு. அதன் சின்னக் குட்டிகள் சில அங்கே கிடந்தன.

"இந்தச் சிலுவை போட்ட நண்டு சவேரியாரோட நண்டு தம்பி," என்று தட்டுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா எனக்குச் சொன்னார். அந்தக் கதை கத்தோலிக்கக் கரையோரம் முழுக்க இருக்கிறது. 1546இல் மொலுக்காஸ் தீவுகளுக்கு இடையே புனித பிரான்சிஸ் சவேரியார் படகில் போனபோது புயல் அடித்தது. அவர் தம் கழுத்துச் சிலுவையைக் கடலில் தோய்த்துச் செபிக்க, அது கை நழுவிப் போனது. பிறகு கரை சேர்ந்தபோது ஒரு நண்டு அந்தச் சிலுவையைக் கொடுக்குகளில் ஏந்தி வந்து அவர் காலடியில் நின்றது. 1622இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்த காலத்திலேயே இந்த அற்புதம் பேசப்பட்டது. சவேரியார் 1540களில் தூத்துக்குடிக் கரையிலும் பணி செய்தவர். அந்தக் கரையிலிருந்து வந்த பரதர் குடும்பங்கள் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் வேரூன்றியிருக்கின்றன. ஆகவே சவேரியாரின் நண்டு கொட்டாஞ்சேனைச் சட்டிக்கு வருவதில் ஒரு நீண்ட வரலாற்றுத் தொடர்ச்சி இருக்கிறது. "சிலுவை இருக்குன்னு சாப்பிடாம விடுவீங்களா?" என்று கேட்டேன். "கும்பிட்டுட்டுத்தான் சட்டியில போடுவோம்," என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

தட்டில் கிடந்த நண்டுகளுக்குள் விலை வித்தியாசம் பெரிது. களப்பு நண்டின் விலையில் ஒரு சிறு பங்குதான் கடல் நண்டுக்கு. சுவையில் அந்த அளவுக்கு இடைவெளி கிடையாது. பிறகு ஏன் இந்த ஏற்றத்தாழ்வு? வியாபாரியே பதில் சொன்னார்: "களப்பு நண்டு கட்டி வச்சா நாலு நாள் உயிரோட இருக்கும். இது தண்ணிய விட்டு வந்த கொஞ்ச நேரத்துல செத்துப் போயிரும். ஐஸ்ல வச்சாலும் அன்னைக்கே ஆக்கிரணும்."

அந்தப் பதிலில்தான் முழு விஷயமும் இருக்கிறது. களப்பு நண்டு, அதாவது சில்லா செர்ரேட்டா, ஏற்ற இறக்கத்தில் நீர் வற்றும் சேற்றிலும் கண்டல் வேர்களுக்கு இடையிலும் வாழப் பழகியது. செவுளில் ஈரம் இருக்கும்வரை காற்றிலேயே மூச்சு விடும். கொடுக்கைக் கட்டி, ஈரச்சாக்கு போட்டுக் கூடையில் அடைத்தால் விமானத்தில் வேறு நாட்டுக்கு உயிரோடு போய்ச் சேரும். சிங்கப்பூரில் 1956இல் செர் யாம் தியான் என்ற பெண்மணி தள்ளுவண்டியில் விற்கத் தொடங்கிய மிளகாய் நண்டு பின்னாளில் அந்த நாட்டின் அடையாள உணவாக உயர்ந்தது. இன்று அங்குள்ள பெரிய உணவகங்களில் அதற்கு 'சிறிலங்கா நண்டு' என்றே கேட்டு வாங்குகிறார்கள். நல்ல நண்டெல்லாம் கப்பலேறிவிடுகிறது என்று இலங்கையர்கள் பல காலம் குறைப்பட்டதற்கும், கோட்டையில் அப்படியொரு உணவகம் பிறந்ததற்கும் இதுவே பின்னணி.

நீலக்கால் நண்டுக்கு வேறு வழி கிடைத்தது. அது உயிரோடு பயணம் செய்யாது. ஆனால் பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வலையில் படும் நீலக்கால் நண்டை வடக்கில் உள்ள ஆலைகளில் அவித்து, பெண்கள் கையால் சதை பிரித்தெடுக்க, பதப்படுத்திய டின்களில் அமெரிக்காவுக்குப் போகிறது. முக்கண் நண்டும் சிலுவை நண்டும் இந்த இரண்டு வழியிலும் பெரிதாகப் போகவில்லை. உயிரோடு அனுப்ப முடியாது. டின்னில் அடைக்கும் அளவுக்கு ஒரே இனமாகக் குவியல் குவியலாகவும் வந்து சேராது. அதனால் அவை பிடிபட்ட கரையிலேயே நின்றுவிட்டன. ஒரு நண்டுக்கு உலகப் புகழ் வருவதும் வராததும், அது தண்ணீருக்கு வெளியே எத்தனை நாள் தாங்கும் என்பதைப் பொறுத்தது. சுவை அதற்கு அளவுகோல் ஆனதே இல்லை.

அந்தக் கரையைப் பார்க்கவென்று மறுநாள் விடியுமுன் முகத்துவாரத்துக்குப் போனேன். களனி கங்கை கடலில் கலக்கும் பக்கம். நகரத்தின் மீன்பிடித் துறைமுகம் அங்கே இருக்கிறது. மாசி மாதம், மேற்குக் கடல் அமைதியாக இருக்கும் காலம். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று எழும்பினால் சின்ன வள்ளங்களுக்குத் தொழில் குறையும், நண்டின் விலையும் ஏறும். கரையில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து வலை கழித்துக்கொண்டிருந்தார்கள். தமிழும் சிங்களமும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து ஓடியது. இறாலுக்கு விடும் மூன்றடுக்கு வலையை இங்கே டிஸ்கோ வலை என்பார்கள். அதன் கண்ணிகளில் இறாலோடு நண்டும் சிக்கும். சிக்கிய நண்டு தப்பிக்கத் திமிறி வலையை முறுக்கிவிடும். காலை ஒடிக்காமல் அதைப் பிரித்தெடுப்பது பொறுமையும் பழக்கமும் கேட்கும் வேலை. "இறால் வியாபாரிக்கு, நண்டு வீட்டுக்கு," என்றார் வலை கழித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன். இந்த நகரத்தின் கடல் நண்டுச் சமையல் அந்த நான்கு சொல்லில் அடங்குகிறது. விற்க வந்தது போக மிஞ்சியது வீட்டுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததைப் பெண்கள் விருந்தாக்கினார்கள்.

இந்தக் கடலுக்கு நேர்ந்ததையும் அங்கே கேட்டேன். 2021 மே 20இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பற்றியது. ஜூன் மாதம் மூழ்கியது. சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்தன. பாணந்துறையிலிருந்து நீர்கொழும்பு வரை கரையோர மீன்பிடிக்குத் தடை விழுந்தது. தடை நீங்கிய பிறகும் மக்கள் மீன் வாங்கத் தயங்கினார்கள். ஆழ்கடலுக்குப் போகும் பெரிய படகுகள் வேறிடம் தேடிப் போகலாம். கரையை ஒட்டி வலை விடும் குடும்பங்களுக்குப் போக்கிடம் இல்லை. மணல் அடியில் வாழும் நண்டுக்கும் இல்லை. இன்னொரு பக்கம் நல்ல செய்தியும் உண்டு. கடலடியைச் சுரண்டும் இழுவை மடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. நண்டு வாழும் தரை அந்த மடியால் எப்படிச் சீரழியும் என்பது பாக்கு நீரிணையின் இரு கரைத் தமிழருக்கும் தெரியும். தடையை உண்மையாகக் கடைப்பிடிப்பதுதான் கடல் நண்டுக்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவி.

சமையல் கற்றது ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒரு ஒழுங்கையில், தூரத்து உறவான ஒரு அக்காவின் வீட்டில். அவர் அம்மா நீர்கொழும்பு, கணவர் வழி யாழ்ப்பாணம், பக்கத்து வீடு மலையகம். அவருடைய கைமணத்தில் இந்த மூன்றும் இருந்தன.

வாங்கும்போதே பாதிச் சமையல் முடிந்துவிடும் என்பது அவர் கருத்து. பெரிதாகத் தெரியும் நண்டை எடுக்காமல் கையில் கனக்கும் நண்டை எடுக்க வேண்டும். வயிற்றுப் பக்கத்து ஓட்டை விரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. அமுங்கினால் அண்மையில் ஓடு கழற்றிய நண்டு. உள்ளே சதை குறைவு, தண்ணீர் அதிகம். "பௌர்ணமிக்குக் கிட்ட வாங்காத தம்பி, பொள்ளலா இருக்கும்," என்றும் சொன்னார். நாள் எதுவானாலும் விரல் சோதனை பொய்க்காது. கால்கள் தொட்டதும் கழன்று விழுந்தாலும், மூட்டில் மூக்கை வைத்தால் அமோனியா மணம் வந்தாலும் அந்த நண்டு வேண்டாம். செத்த நண்டு மீனைவிட வேகமாகக் கெடும்.

சுத்தம் செய்யும்போது மேலோட்டைப் பிரித்து, இருபுறமும் உள்ள பஞ்சுச் செவுளையும் வாய்ப்பகுதியையும் நீக்கி, உடலை இரண்டாக முறித்தார். ஓட்டுக்குள் இருந்த மஞ்சள் கொழுப்பை ஒரு கிண்ணத்தில் வழித்து எடுத்து வைத்தார். தண்ணீரில் நெடுநேரம் ஊறவிடவில்லை. ஊறினால் இனிப்பு போய்விடும். சிலுவை நண்டின் கொடுக்குகளை அம்மிக் குழவியால் ஒரே தட்டுத் தட்டி விரிசல் விட்டார். முக்கண் நண்டின் ஓடு மெல்லியது, அதற்கு அது தேவையில்லை.

மண்சட்டியில் தேங்காயெண்ணெய். சின்ன வெங்காயம், தட்டிய உள்ளி, இஞ்சி, கீறிய பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ரம்பை, கொஞ்சம் வெந்தயம். வெங்காயம் நிறம் மாறியதும் மஞ்சள்தூளும் வறுத்த கறித்தூளும். பழப்புளிக்குப் பதிலாக இரண்டு துண்டு கொறுக்காய்ப்புளி போட்டார். அது நீர்கொழும்புத் தாய்வீட்டுப் பழக்கம். பிறகு தண்ணிப்பால் ஊற்றிக் கொதி வந்ததும் சிலுவை நண்டு முதலில் இறங்கியது. ஐந்து நிமிடம் கழித்துத்தான் முக்கண் நண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று வேகாது, மற்றது நாராகிவிடும். களப்பு நண்டுக்குப் பழகியவர்கள் கடல் நண்டை மிகை நேரம் வேகவிட்டுத்தான் 'சுவையில்லை' என்று ஒதுக்குகிறார்கள் என்பது அக்காவின் உறுதியான எண்ணம். முக்கண் நண்டுக்கு எட்டுப் பத்து நிமிடம் தாராளம்.

கறி தடிப்பதற்கு ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூவும் ஒரு கரண்டி பச்சரிசியும் பொன்னிறமாக வறுத்து, மிளகும் சிறிது கடுகும் சேர்த்து அரைத்து வைத்திருந்தார். அதையும் கிண்ணத்தில் வைத்த நண்டுக் கொழுப்பையும் முதற்பாலில் கரைத்து ஊற்றினார். உப்பு அப்போதுதான், அதுவும் ருசி பார்த்த பிறகு. கடல் நண்டின் சாறு இறங்கிய குழம்பில் உப்பு ஏற்கெனவே பாதி இருக்கும். கடைசியாக முருங்கையிலை இரண்டு பிடி தூவி, ஒரு கொதியில் இறக்கினார். "நண்டு வயித்துக்குக் கனம். முருங்கையிலை போட்டா செமிக்கும்," என்றார். யாழ்ப்பாணத்தில் என் அம்மாவும் அம்மம்மாவும் சொன்ன அதே காரணம். இனம் மாறினாலும் இலை மாறவில்லை.

பேக்கரியில் அப்போதுதான் எடுத்த ரோஸ் பாணோடு சாப்பிட்டோம். முக்கண் நண்டின் சதை மெல்லியதாக, நூல் நூலாகப் பிரிந்து, குழம்பைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வந்தது. இனிப்பு முதலில், காரம் பிறகு. சிலுவை நண்டு வேறு ரகம். சதை இறுக்கமாக, துண்டு துண்டாக வந்தது. கொடுக்கை உடைத்து எடுத்த சதை களப்பு நண்டோடு போட்டி போடும். வெந்து சிவந்த ஓட்டிலும் அந்தப் பட்டைகள் மங்கலாகத் தெரிந்தன. மிஞ்சிய சின்ன முக்கண் நண்டுகளை அன்றைக்கே மிளகும் சீரகமும் உள்ளியும் தட்டிப் போட்டு ரசமாக வைத்தார். சளி பிடித்த பேரனுக்கென்று வைத்த ரசத்தில் எனக்கும் ஒரு கோப்பை கிடைத்தது. எங்கள் ஊர் ஒடியல் கூழுக்கும் இந்த அளவுள்ள நண்டுதான் சரி. சாறு கூழுக்கு இறங்கும், ஓடு கையைக் கிழிக்காது.

இதே சிலுவை நண்டுக்கு ஹொங்கொங்கிலும் சீனத்தின் தென்கரையிலும் கிடைக்கும் மரியாதையை அறிந்தால் நம்மவர்கள் வியப்பார்கள். அங்கே அது செம்மலர் நண்டு என்ற பெயரில் விருந்து மேசைக்கு வரும். தியோச்சூ சமையலில் அதை மசாலா எதுவும் இல்லாமல் முழுதாக ஆவியில் அவித்து, குளிரவைத்து, புளிப்புச் சாறு ஒன்றில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். நம் கரையில் வேறு மீனோடு கலந்து கூறு போட்டு விற்கும் நண்டு அங்கே தனியாக நிறுத்து விலை பேசும் நண்டு. இனத்தின் பெயர் தெரியாமல் 'கடல் நண்டு' என்று ஒரே குவியலில் போட்டு விற்பதால் வலை கழித்தவருக்கும் உரிய விலை கிடைப்பதில்லை. அதன் பெயரைக் கேட்டு வாங்கும் பழக்கம் வந்தாலே அந்த நிலை மெல்ல மாறும்.

அதிகம் அறியப்படாத நண்டுகளைச் சமையுங்கள் என்று எழுதும்போது, எதைத் தொடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்வது என் கடமை. பவளப்பாறைகளில் வாழும் பளிச்சென்ற நிறமுள்ள சில நண்டுகள் கொடிய நஞ்சு கொண்டவை. சோசிமஸ் ஈனியஸ், அட்டர்காட்டிஸ் ஃபுளோரிடஸ், லோபோசோசிமஸ் பிக்டர் ஆகியவை இந்து-பசிபிக் கடலெங்கும் பேர்போனவை. அவற்றின் உடலில் சேரும் சாக்சிடொக்சினும் டெட்ரோடொக்சினும் எவ்வளவு வேகவைத்தாலும் அழியா. உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. இந்தக் குடும்பத்து நண்டுகளின் கொடுக்கு நுனி பெரும்பாலும் கறுத்திருக்கும். கடைசிக் கால்கள் கூர்மையாக இருக்கும். நம் சந்தைக்கு வழக்கமாக வரும் கறி நண்டுகளோ நீந்தும் குடும்பத்தவை. அவற்றின் கடைசி இரண்டு கால்கள் துடுப்பாகத் தட்டையாயிருக்கும். பாறையில் நீங்களே பிடித்த, பெயர் தெரியாத நண்டைச் சட்டியில் போடாதீர்கள். அனுபவமுள்ள மீனவர் ஒருவர் 'இதைத் தின்போம்' என்று சொன்னால் மட்டும் வாங்குங்கள்.

அடுத்தது நன்னீர் நண்டு. இலங்கையில் ஐம்பதுக்கு மேற்பட்ட நன்னீர் நண்டு இனங்கள் உள்ளன. ஏறத்தாழ எல்லாமே இந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை. முகமது பாஹிர், பீட்டர் இங் போன்ற ஆய்வாளர்கள் இவற்றில் பலவற்றை முதன்முதலில் விவரித்துப் பெயரிட்டார்கள். சில இனங்களின் வாழ்விடம் ஒரு மலையோடை, ஒரு சிறு காடு என்ற அளவுக்குச் சுருங்கியது. பெரும்பாலானவை அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டவை. சளிக்கு மருந்து, சத்துக்கு ரசம் என்று எந்தக் காரணம் சொன்னாலும் மலையோடை நண்டைப் பிடிப்பதற்கு நியாயம் கிடையாது. சளிக்கு ரசம் வைக்க முக்கண் நண்டு போதும்.

மூன்றாவது, சினை. ஓட்டுக்குள் இருக்கும் செம்மஞ்சள் சினையை நான் சொல்லவில்லை. பெண் நண்டின் அகன்ற வயிற்று மடலுக்கு வெளியே, கொத்தாகத் தொங்கும் முட்டைத் திரளைச் சொல்கிறேன். புதிதாக இட்டபோது மஞ்சளாக இருந்து, குஞ்சு வெளிவரும் காலத்தில் கருமையாகும் அந்தத் திரளில் இலட்சக்கணக்கான முட்டைகள் இருக்கும். அதைச் சுரண்டி எறிந்துவிட்டு விற்கும் வழக்கம் சில கரைகளில் உண்டு. வாங்குபவர்கள் மறுத்தால் அந்த வழக்கம் நின்றுபோகும். அக்கா இதில் கண்டிப்பானவர். தட்டில் முட்டைத் திரளோடு ஒரு நண்டு கிடந்தாலும், அதை வலையிலிருந்தே கடலுக்கு விட்டிருக்கலாமே என்று வியாபாரியிடம் குரலை உயர்த்துவார். அந்தக் குரல் எல்லாச் சந்தைகளிலும் கேட்க வேண்டும்.

கொச்சிக்கடையின் சமையலில் உயர்ந்தது எது என்று என்னைக் கேட்டால், பெயரில்லாத நண்டுக்கும் அதன் ஓட்டின் கனத்துக்கு ஏற்ற நேரம் ஒதுக்கும் அந்தப் பெண்களின் அறிவைச் சொல்வேன். எந்த நண்டு முதலில், எது பிறகு, உப்பு எப்போது, இலை எப்போது என்று அவர்கள் கையில் இருக்கும் இந்த அறிவு சமையல் புத்தகங்களில் அதிகம் ஏறவில்லை. உங்கள் வீட்டில் அம்மாவோ அம்மம்மாவோ கடல் நண்டு சமைப்பவராக இருந்தால், பக்கத்தில் நின்று நண்டின் ஊர்ப்பெயரோடு எழுதி வையுங்கள்.

கொழும்புக்கு வருகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. கோட்டையில் களப்பு நண்டு சாப்பிடுங்கள். அதன் புகழ் நியாயமானது. அதோடு நிற்காமல் வடக்கே கொஞ்சத் தூரம் நடந்து கொட்டாஞ்சேனைச் சந்தைக்கு வாருங்கள். முக்கண் நண்டு இருக்கிறதா, சிலுவை நண்டு இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள். வாங்கிய அன்றைக்கே சமையுங்கள். முட்டைத் திரள் தாங்கிய நண்டையும் மலையோடை நண்டையும் வாழவிடுங்கள். அப்படிச் செய்தால் விமானம் ஏறாத இந்த நண்டுகள் நம் பேரப்பிள்ளைகளின் சட்டிக்கும் வந்து சேரும்.